ஓடை நிறம் மாறினால் எங்கே தேடுவது? நிலக்கரி வளாகத்தின் அருகே தண்ணீரைக் கண்காணிப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

அனல் மின் நிலையம், நிலக்கரி யார்டு, சுரங்கம் என எது பக்கத்தில் இருந்தாலும், தண்ணீரில் ஏதோ மாறிவிட்டது என்பது முதலில் தெரிவது அங்கே வலை போடுபவருக்கும் இறால் தடவுபவருக்கும்தான். ஆய்வக அறிக்கை பிறகுதான் வரும். சிக்கல் தொடங்குவது அதைச் சொல்லும்போது. "சாம்பல் தண்ணி வருது" என்றால் "அது சாக்கடை" என்று பதில் வரும். "மீன் செத்துக் கிடக்கு" என்றால் "வெயில் காலத்தில் அப்படித்தான்" என்பார்கள். அந்தப் பதில் சில நேரம் உண்மையாகவும் இருக்கும். எது எப்போது உண்மை என்று நாமே பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு. கண்ணில் படும் அறிகுறியில் தொடங்கி, காரணம் வரை எப்படிப் போவது என்று எழுதியிருக்கிறேன்.

பெரும்பாலும் எண்ணூரை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் சந்திக்கும் கழிமுகம் அது. சுற்றி வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம், நிலக்கரி இறங்கும் துறைமுகம் எல்லாம் இருக்கின்றன. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். ஒரு டன் எரித்தால் முந்நூறு கிலோவுக்கும் மேல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் கசிந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்தது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து எதையும் நிரூபிக்க முடியாது. சந்தேகப்படும் இடத்துக்கு மேல்பக்கம் ஒன்று, கீழ்பக்கம் ஒன்று, ஒரே மணி நேரத்துக்குள் இரண்டும் வேண்டும். மேல்பக்க மாதிரி இல்லாமல் கொண்டுபோகும் எந்த எண்ணையும் "மேலேயிருந்தே அப்படித்தான் வருகிறது" என்ற ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடலாம். கீழே நான் சொல்லும் எல்லாச் சோதனைகளும் இந்த ஜோடிக்கு மேல்தான் நிற்கின்றன.

கழிமுகத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கடல் ஓதத்தில் தண்ணீர் ஏறும்போது கீழ்பக்கம் மேல்பக்கமாகிவிடும். கசிந்த சாம்பல் கசிவுக்கு மேலேயே போய் நிற்கும். அதனால் தண்ணீர் நன்றாக இறங்கி முடியும் நேரத்தில் மாதிரி எடுங்கள். அந்த நேரத்தை அட்டவணையில் தேடுவதைவிட அங்கே தொழில் செய்யும் ஒருவரைக் கேட்பது மேல்.

நோட்டில் தேதி, மணி, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, முந்தைய நாள் மழை உண்டா, நின்ற இடம் ஆகியவற்றை எழுதுங்கள். போனில் இருப்பிடம் பதிவாகும்படி படம் எடுங்கள். பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, ஓட்டத்தை எதிர்த்து நின்று, வாயைக் கவிழ்த்து உள்ளே முக்கி, பிறகு நிமிர்த்தி நிரப்புங்கள். மேலே மிதப்பதும் அடியில் கலங்கியதும் அப்போதுதான் சேராது. உலோகச் சோதனைக்காக ஆய்வகம் அமிலம் முன்கூட்டியே ஊற்றிக் கொடுத்த பாட்டிலை மட்டும் அலசக் கூடாது.

தண்ணீர் சாம்பல் நிறத்தில், பால் கலந்ததுபோல் இருக்கிறது

சாம்பல் கூழாக இருக்கலாம். வெறும் களிமண் கலங்கலாகவும் இருக்கலாம். சிமெண்ட் வேலை நடக்கும் இடத்திலிருந்தும் இதே நிறத்தில் தண்ணீர் வரும்.

கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அசையாமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் மேற்பரப்பைப் பாருங்கள். சாம்பலில் உள்ளீடற்ற மிக நுண்ணிய கண்ணாடி உருண்டைகள் ஒரு பங்கு இருக்கும். அவை தண்ணீரைவிட லேசானவை என்பதால் மேலே வெண்சாம்பல் ஏடாக மிதக்கும். அந்த ஏட்டை விரலில் எடுத்துத் தேயுங்கள். நுரையாக இருந்தால் உடைந்து ஒன்றுமில்லாமல் போகும். சாம்பல் உருண்டை என்றால் மாவுபோல் விரலில் ஒட்டி, காய்ந்ததும் நறநறவென்று இருக்கும். பாட்டில் அடியில் படிந்ததைக் கொஞ்சம் பிசைந்து திரி மாதிரி உருட்டிப் பாருங்கள். களிமண் நீளும், சாம்பல் உதிரும். பக்கத்துப் பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் நூறு மடங்கில் ஒரு சொட்டைப் பாருங்கள். மண் துகள்கள் கோணல்மாணலாக இருக்கும். சாம்பல் உருண்டு திரண்ட மணிகளாகத் தெரியும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கூட்டத்திலும் அது பேசும்.

சாம்பலில் இரும்புத் துகள் உண்டு என்று சிலர் காந்தத்தை வைத்துச் சோதிப்பார்கள். கடலோரத்தில் இதை நம்ப வேண்டாம். கடற்கரைக் கருமணலும் காந்தத்தில் ஒட்டும்.

சாம்பல்தான் என்று உறுதியானால் குழாய்ப் பாதையைப் பாருங்கள், பொதுவழியில் நின்றபடி. சாம்பல் கூழ் உப்புத்தாள்போல் இரும்பைத் தேய்க்கும். தேய்மானம் குழாயின் அடிப்பக்கத்திலும் வளைவுகளிலும்தான் அதிகம். அதனால்தான் இந்தக் குழாய்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சுழற்றி வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த நடைமுறை. ஆற்றைக் கடக்கும் இடம், இணைப்புகள், வெல்டிங் ஒட்டு போட்ட இடங்கள் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நிலையங்களில் கூழை இடைவெளி விட்டு விட்டுத்தான் பம்ப் செய்வார்கள். காலையில் போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பினால் அது சான்று ஆகாது. குழாய் அதிரும் சத்தம் கேட்கும் நேரத்தில் பாருங்கள்.

கேட்க வேண்டிய தீர்வுகள்: தேய்ந்த குழாயை மாற்றுவது, ஆற்றுக்கு மேலே போகும் பகுதிக்குக் கீழே கசிவு பிடிக்கும் தொட்டி, சாம்பல் குளத்துத் தண்ணீரை வெளியே விடாமல் திரும்ப நிலையத்துக்கே எடுக்கும் அமைப்பு. சாம்பல் குளத்திலிருந்து வெளியேறும் நீரில் கரையாமல் கலங்கி நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள வரம்பு. கசிவுக்கு வரம்பே கிடையாது. குழாய் கசியக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. நிறம் போன பிறகும் சாம்பல் அங்கேயே இருக்கும். ஆழம் குறைவதுதான் நீண்டகால அடையாளம். படகு தள்ளும் கழியை வைத்து ஒரே இடத்தில், தண்ணீரின் ஒரே நிலையில் ஆழத்தை அளந்து மாதாமாதம் எழுதுங்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் ஆறு மேடாகிவிட்டது என்று சொன்னதன் பொருள் இதுதான். இதை எண்ணாக எழுதி வைத்தால் யாரும் அசைக்க முடியாது.

தண்ணீர் கறுப்பாக இருக்கிறது

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் தோற்கிறார்கள். பக்கிங்காம் கால்வாயில் கறுப்பு என்றால் பெரும்பாலும் சாக்கடைதான். அதைக் கொண்டுபோய் நிலக்கரி என்று சொன்னால் அடுத்த முறை உண்மையான நிலக்கரித் தூளையும் நம்ப மாட்டார்கள்.

அடிச் சேற்றை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டுக் காற்றில் வையுங்கள். சாக்கடைச் சேற்றின் கறுப்பு இரும்பு சல்ஃபைடால் வருவது. காற்றுப் பட்டதும் மேற்பரப்பு மெல்லப் பழுப்பாக மாறும். அதில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். நிலக்கரித் தூள் எவ்வளவு நேரம் ஆனாலும் கறுப்புதான். வெயிலில் சாய்த்தால் மினுக்கும், காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும். நிலக்கரியின் அடர்த்தி மணலின் அடர்த்தியில் ஏறக்குறைய பாதிதான். பாட்டிலில் குலுக்கி வைத்தால் முதலில் மணல் இறங்கும், அதன்மேல் தனி அடுக்காகக் கறுப்பு படியும். இரண்டும் கலந்தே இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

நிலக்கரி என்றால் யார்டிலிருந்து மழைநீர் எங்கே போகிறது என்று தேடுங்கள். யார்டைச் சுற்றி வடிகால் வெட்டி, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் தெளியவைத்துத்தான் விட வேண்டும். தொட்டி தூர்ந்து நிரம்பியிருந்தால் முதல் கனமழையில் எல்லாம் ஓடைக்கு வந்துவிடும். ஆகவே மாதிரி எடுக்கச் சரியான நேரம், வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரை மணி. ஜார்க்கண்டின் தாமோதர் ஆற்றுப் பகுதியில் நிலக்கரி கழுவும் ஆலைகளின் கறுப்புத் தண்ணீர் மழையில்லாத நாளிலும் வரும். எண்ணூரில் கழுவும் ஆலை கிடையாது. மழையில்லாத நாளில் இங்கே கறுப்பாக ஓடினால் சாக்கடையை முதலில் சந்தேகியுங்கள்.

ஆரஞ்சு நிறம், அல்லது மேலே எண்ணெய்ப் படலம்

படலத்தை ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் உடனே மறுபடி சேர்ந்துகொள்ளும். உடைந்த கண்ணாடித் துண்டுகள்போல் பிரிந்து நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் படலம். சதுப்பு நிலங்களில் இயல்பாகவே வரும், பயப்பட வேண்டாம். எண்ணெய் என்றாலும் நிலக்கரி நிலையத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தை மூடிய எண்ணெய், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கத்திலிருந்து வந்தது.

துருப்பிடித்த ஆரஞ்சுப் படிவும், பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, ஏழுக்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்) நான்குக்கும் கீழே இருப்பதும் ஒன்றாக வந்தால் அது சுரங்க அமிலம். நிலக்கரியோடு இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. அதிலுள்ள இரும்பு துருவாகப் படிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பகுதிக்குக் கந்தகம் குறைவு என்பதால் இங்கே இது அரிது. வடகிழக்கில் கந்தகம் அதிகம். மேகாலயாவின் ஜெயின்டியா மலையில் இதனால் ஆறுகள் மீனற்றுப் போயின. அங்கே ஆள் தவழ்ந்து போகும் குறுகிய எலிவளைச் சுரங்கங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை விதித்தது. அங்குள்ள லூகா ஆறு குளிர்காலத்தில் கண்ணைப் பறிக்கும் நீலமாக மாறும். ஆகவே அமிலம் என்றால் ஆரஞ்சாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பிஎச் தாள் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஆனால் டிடிஎஸ் ஏறுகிறது

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. சாம்பலிலிருந்து கரைந்து வருவது நிறமில்லாமல் வரும். சல்ஃபேட்டும் போரானும் முன்னால் வரும். ஆர்செனிக், செலினியம் போன்றவை அளவில் சிறியவை என்றாலும் அவைதான் உடம்பைக் கெடுப்பவை.

நன்னீர் ஓடை என்றால் வேலை எளிது. மேல்பக்கமும் கீழ்பக்கமும் மின்கடத்துதிறன் பாருங்கள், கரைந்த உப்பு கூடினால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைச் சுரங்கப் பகுதி ஓடைகளுக்கு 300 மைக்ரோசீமென்ஸ் மின்கடத்துதிறன் என்ற எல்லையை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2011இல் முன்வைத்தது. அதைத் தாண்டினால் ஓடையில் வாழும் பூச்சியினங்கள் மறையத் தொடங்குகின்றன என்பது அடிப்படை. அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். நம் சமவெளி ஓடைகள் பல இயல்பிலேயே அதைத் தாண்டி ஓடுகின்றன. நம் ஓடைக்கு நம் மேல்பக்க அளவுதான் அளவுகோல்.

கழிமுகத்தில் டிடிஎஸ் மீட்டர் கடலைத்தான் அளக்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35,000 மில்லிகிராம் உப்பு. அதில் ஒரு கை கலந்தாலே சாம்பல் குளத்துக் கசிவு மறைந்துபோகும். இங்கே உதவுவது விகிதம். கடல்நீரில் குளோரைடு சுமார் 19,000 மில்லிகிராம், சல்ஃபேட் சுமார் 2,700. அதாவது ஏழு பங்கு குளோரைடுக்கு ஒரு பங்கு சல்ஃபேட். கடல் எவ்வளவு நீர்த்தாலும் இந்த விகிதம் மாறாது. ஆய்வகத்தில் இந்த இரண்டை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், செலவும் குறைவு. உதாரணத்துக்கு, குளோரைடு 3,500 என்று வந்தால் கடலால் மட்டும் வரக்கூடிய சல்ஃபேட் 500. அறிக்கையில் 1,200 இருந்தால் மீதி 700 கடலிலிருந்து வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை அப்போது வருகிறது. அது சாம்பலாகவும் இருக்கலாம், வேறு ஆலைக் கழிவாகவும் இருக்கலாம். மேல்பக்க மாதிரிதான் இதைப் பிரிக்கும்.

போரானை இங்கே நம்ப முடியாது. கடல்நீரிலேயே லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் அது நல்ல அடையாளம்.

சாம்பல் குளத்தின் ஓரத்துக் கிணறுகளுக்கும் இதே கணக்குதான். "கடல் உப்பு ஏறிவிட்டது" என்று சொன்னால் விகிதத்தைக் காட்டுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000. சல்ஃபேட் 200, வேறு வழியில்லாவிட்டால் 400. ஆர்செனிக் 0.01 மில்லிகிராம். கிணற்றில் சல்ஃபேட் ஏறுவது தெரிந்ததும் ஆர்செனிக், செலினியம், பாதரசம் பார்க்கக் கொடுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். கொதிக்கவைத்தால் உலோகம் போகாது, அடர்த்திதான் கூடும்.

தண்ணீர் சுடுகிறது

சமையலறை வெப்பமானி வேண்டாம், ஆய்வகக் கடையில் கிடைக்கும் சாதாரண வெப்பமானி போதும். வெந்நீர் கலக்காத இடத்திலும் கலக்கும் இடத்திலும் ஒரே நேரத்தில் அளங்கள். 1999 ஜூனுக்குப் பிறகு கடலோரத்தில் வந்த நிலையங்கள் கடல்நீரால் குளிரூட்டினால், வெளியேறும் நீரால் நீர்நிலையின் வெப்பம் இயல்பைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயரக் கூடாது. பழைய நிலையங்களுக்கு விதி வேறு, உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் 10 டிகிரி வித்தியாசம். எந்த மின் உற்பத்தி அலகு எப்போது வந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மீன் செத்து மிதக்கிறது

நேரம்தான் இங்கே எல்லாம். விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில், மேலே வந்து வாய் பிளந்து செத்திருந்தால் பிராணவாயு குறைந்திருக்கிறது. சாக்கடை, வெப்பம், பாசி மூன்றில் ஒன்றோ எல்லாமோ காரணம். நாளின் எந்த நேரத்திலும், மடவைக் குஞ்சு, இறால், நண்டு என்று பெரிது சிறிது பாராமல் எல்லாம் செத்தால் நச்சு இறங்கியிருக்கிறது. உடனே தண்ணீர் எடுங்கள். ஓடும் தண்ணீரில் சில மணி நேரத்தில் சான்று கடலுக்குப் போய்விடும். சாகும் நிலையில் உள்ள மீனைத் தாளில் சுற்றிப் பனிக்கட்டியில் வையுங்கள். அழுகிய மீன் ஆய்வகத்துக்கு உதவாது. கரையில் ஓர் அடி அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள்.

சாம்பல் குளத்தின் கரையடியில் ஈரம்

மற்ற அறிகுறிகளுக்கு ஒரு நாள் தாமதித்தாலும் பரவாயில்லை. இதற்குக் கூடாது.

மண் கரைகளில் அடிப்பக்கம் கொஞ்சம் கசிவது இயல்பு. கோடையிலும் கரையடியில் ஒரு பட்டையாகப் புல் பச்சையாக இருந்தால் அங்கே கசிவு உண்டு என்று பொருள். அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் குறித்து வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள், எவ்வளவு நேரத்தில் டம்ளர் நிரம்புகிறது என்றும் எழுதுங்கள். கலங்கலாக இருந்தால் கரையின் உள்மண் அரித்து வெளியே வருகிறது. கசிவு வாயைச் சுற்றி மண் குவிந்து சின்னக் கூம்பு மாதிரி நின்றாலும் அதேதான். கரை மேலே நீளவாக்கில் வெடிப்பு, கரை வயிறு தள்ளுவது இரண்டும் அடுத்த கட்டம். உடனே வட்டாட்சியருக்கும் நிலையத்துக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டு, கீழே இருக்கும் வீட்டாரை நகரச் சொல்லுங்கள். மாதிரி எடுப்பதெல்லாம் அப்புறம்.

2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் நிலையத்துச் சாம்பல் குளம் உடைந்தபோது நானூறு கோடி லிட்டருக்கும் மேல் கூழ் வெளியேறி ஆறுகளை அடைத்தது. 2014 பிப்ரவரியில் வட கரோலினாவின் டேன் ஆற்றில் கலந்த சாம்பல் கரை உடைந்து வந்ததே அல்ல. குளத்துக்கு அடியில் போன பழைய மழைநீர்க் குழாய் நொறுங்கியது. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் சாம்பல் கரை உடைந்து உயிர்கள் போயின. ஆகவே கரையை மட்டும் பார்க்காமல், குளத்துக்கு அடியில் குழாயோ பழைய ஓடையோ போகிறதா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு வரைந்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சாம்பல் குளத்தின் மேல் நடக்கவே கூடாது. மேலே காய்ந்த தரைபோல் இருக்கும், கீழே கூழ். ஆடு மாட்டையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மீட்டர் ஒன்று சொல்கிறது, ஆய்வகம் வேறொன்று சொல்கிறது

பெரும்பாலும் மீட்டர்தான் தவறு. பிஎச் மீட்டரின் முனை காய்ந்திருக்கும், அல்லது காய்ச்சி வடித்த நீரில் ஊறியிருக்கும். இரண்டுமே அதைக் கெடுக்கும், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை வெளியே எடுப்பதற்கு முன்னும் பிஎச் 7, பிஎச் 4 கரைசல்களில் சரிபார்த்து, அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். டிடிஎஸ் பேனா மின்கடத்துதிறனை அளந்து, 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. இரண்டு பேனாக்கள் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம், அதனால் மின்கடத்துதிறனையே எழுதுங்கள். உப்புத் தண்ணீரில் மலிவான பேனா அளவு தாண்டிவிடும்.

மீட்டர் சரி என்றால் மாதிரி எப்படிப் போனது என்று பாருங்கள். உலோகத்துக்கு எடுத்த நீரில் நைட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அறிக்கையில் குறைவாக வரும். அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள், நீங்களே ஊற்ற வேண்டாம். வடிகட்டிய மாதிரியா, வடிகட்டாததா என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். கலங்கல் நீரில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரும்.

எல்லாம் கையில் இருக்கிறது, யாரும் அசையவில்லை

நாம் எடுத்த மாதிரி வழக்குக்கு நேரடிச் சான்று ஆகாது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி எடுத்து, முத்திரையிட்டு அனுப்பும் மாதிரிதான் சட்ட மாதிரி. நம் பதிவின் பயன், அவர்களை எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் வரவைப்பது என்று காட்டுவது. "தண்ணீர் கெட்டிருக்கிறது" என்று எழுதாமல், இந்தக் குழாய் இணைப்பில், தண்ணீர் இறங்கும் நேரத்தில், பம்ப் ஓடும்போது எடுங்கள் என்று எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

இதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. நிலையத்தின் இயக்க அனுமதி நிபந்தனைகள், சாம்பல் குளத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடுகள், சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றுகிறார்கள் என்று ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டிய அரையாண்டு அறிக்கைகள் மூன்றையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். அவர்கள் தந்த எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அதன் சட்டத்தின் 14ஆம் பிரிவில் போகும் மனுவுக்குப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு, காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தரலாம். 15ஆம் பிரிவில் இழப்பீடும் சீரமைப்பும் கேட்பதற்கு ஐந்து ஆண்டு. அதனால் நோட்டின் முதல் பக்கத்தில், முதன்முதலில் பார்த்த தேதியைப் பெரிதாக எழுதி, பார்த்த இரண்டு பேரின் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.